அடுப்பில்லாப் பஞ்சாமிர்தம்: முதல்முறை செய்பவர்களுக்கு

பஞ்சாமிர்தத்துக்கு அடுப்பு வேண்டாம், பாகு வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் ஆகிய ஐந்தும் அடிப்படை. பேரீச்சையும் கற்கண்டும் ருசிக்காகச் சேர்பவை. பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயில் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதம் ஒன்று அந்தக் குறியீட்டைப் பெற்றது அதுதான் முதல்முறை. தண்ணீர் படாமல், செயற்கைப் பதப்பொருள் எதுவும் கலக்காமல் செய்வதே அதன் தனித்தன்மை.

பால், தயிர் சேர்த்து அபிஷேகத்துக்குச் செய்யும் பஞ்சாமிர்தம் வேறு. அது குடிப்பது போல இளகி இருக்கும், சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. இங்கே சொல்வது பழத்தைப் பிசைந்து செய்யும் பழனி வகை.

பொருள்கள் எளியவைதான், ஆனாலும் முதல்முறை செய்பவர்களில் பலருக்கு அது கூழாகி நீர்த்துவிடுகிறது, அல்லது மறுநாளே புளித்துவிடுகிறது. காரணத்தைத் தேடினால் ஏறக்குறைய எப்போதும் தண்ணீரில்தான் போய் நிற்கும். பழத்துக்குள் இருக்கும் நீர், பாத்திரத்தில் ஒட்டிய நீர், கரண்டியில் வந்த நீர். நீரைக் கட்டுக்குள் வைக்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

பழம்

பழனிக்குப் பெயர்பெற்றது விருப்பாச்சி வாழை. திண்டுக்கல் மாவட்டத்து விருப்பாச்சி ஊரின் பெயரைக் கொண்டது. பழனி மலைச்சரிவுகளிலும் சிறுமலையிலும் விளையும் மலைவாழை பஞ்சாமிர்தத்துக்கு உகந்ததாக இருப்பதற்குக் காரணம், அதில் நீர் குறைவு, சதை கெட்டி, இனிப்போடு மெல்லிய புளிப்பும் உண்டு. முடிக்கொத்து நோய் மலைவாழைத் தோட்டங்களைப் பெரிதும் அழித்துவிட்டதால் இந்தப் பழம் எல்லா ஊரிலும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கூடுதல்தான்.

கிடைக்காதவர்கள் பூவன் பழத்தை எடுக்கலாம். லேசான புளிப்பு இருப்பதால் சர்க்கரையின் திகட்டலை அது அடக்கும். ரஸ்தாளி மணமாக இருக்கும், ஆனால் நடுவில் கட்டி இருக்கும் பழங்கள் வரும். நறுக்கிப் பார்த்துக் கட்டியை எடுத்துவிட வேண்டும். கற்பூரவள்ளி நல்ல இனிப்பு, சதையும் கெட்டி. சில தார்களில் கறுப்பு விதை இருக்கும், பிசையும்போது கையில் தட்டுப்படுபவற்றை எடுத்துப் போடுங்கள். மோரிஸ், ரொபஸ்டா வகை வேண்டவே வேண்டாம். அவற்றில் நீர் அதிகம், புளிப்பு இல்லை, சர்க்கரை பட்டவுடன் கரைசலாகிவிடும். நேந்திரம் பச்சையாகப் பிசைந்தால் மாவு மாவாக நிற்கும்.

எந்த வகை என்பதைவிட எந்தப் பக்குவம் என்பது முக்கியம். காயாக இருக்கும்போது வாழையின் எடையில் 20 சதவீதம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கும். பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறி, நன்கு கனிந்த பழத்தில் 1 அல்லது 2 சதவீதமே மிஞ்சும். ஆகவே கனியாத பழத்தை எடுத்தால் இரண்டு தொல்லை: துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும், இனிப்பு போதாமல் சர்க்கரையைக் கூட்டிக்கொண்டே போவோம். தோலில் கறுப்புப் புள்ளிகள் விழுந்து, காம்பு வாடி, தோல் உரிக்கும்போது சதையில் ஒட்டாமல் வரும் நாளே சரியான நாள். அதையும் தாண்டி, தோல் முழுக்கக் கறுத்து, அழுத்தினால் நீர் கசியும் நிலைக்குப் போனதை விட்டுவிடுங்கள். அதன் உள்ளே புளிக்கும் வேலை ஏற்கெனவே தொடங்கியிருக்கக்கூடும்.

சீப்பு முழுவதும் ஒரே சீரான பளிச் மஞ்சளாக, காம்பு மட்டும் பச்சையாக, உள்ளே கெட்டியாக இருந்தால் அது கல் வைத்துப் பழுக்க வைத்ததாக இருக்கலாம். கார்பைட் கல் வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. அப்படிப்பட்ட பழத்தில் மேல்தோல் மஞ்சளானாலும் உள்ளே மாவுச்சத்து முழுதாக மாறியிருக்காது. இரண்டு மூன்று நாள் முன்பே அரைப்பழமாக வாங்கி, வீட்டில் தொங்கவிட்டுக் கனியவைப்பது பாதுகாப்பானது. குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள். தோல் கறுக்கும், பழுப்பதும் நின்றுபோகும்.

அளவு

உரித்த பழம் 500 கிராம், அதாவது சிறு பூவன் பழம் 9 அல்லது 10
நாட்டுச்சர்க்கரை 75 கிராம்
விதை நீக்கிய பேரீச்சை 60 கிராம்
உலர்திராட்சை 20 கிராம்
டைமண்ட் கற்கண்டு 15 கிராம்
தேன் ஒன்றரை மேசைக்கரண்டி, சுமார் 30 கிராம்
பசுநெய் ஒரு மேசைக்கரண்டி
ஏலக்காய் 5, தோல் நீக்கிப் பொடித்தது

இதில் சுமார் 700 கிராம் கிடைக்கும். 50 கிராம் வீதம் 14 பேருக்கு வரும்.

75 கிராம் சர்க்கரை என்பது வழக்கத்தைவிட மிகக் குறைவு. வேண்டுமென்றேதான் குறைத்திருக்கிறோம். கடைகளிலும் கோயில்களிலும் செய்வது நாள்பட நிற்க வேண்டியது, அதற்குச் சர்க்கரை தாராளமாக வேண்டும். வீட்டில் அன்றே சாப்பிடப் போகிறோம் என்றால் அந்தத் தேவை இல்லை. பழம் நன்றாகக் கனிந்திருந்தால் இந்த அளவே போதுமான தித்திப்பைத் தரும்.

சர்க்கரையின் வேலை என்னவென்று புரிந்துகொண்டால் அளவை நீங்களே முடிவு செய்யலாம். 500 கிராம் வாழைப்பழத்தில் கிட்டத்தட்ட 375 கிராம் நீர்தான். சர்க்கரை அந்த நீரைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொண்டால் ஈஸ்ட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் பயன்பட நீர் இருக்காது. ஜாம் கெடாமல் நிற்பதற்கு அதில் சுமார் 65 சதவீதம் சர்க்கரை இருப்பதே காரணம். அந்த அளவைப் பஞ்சாமிர்தம் எட்ட வேண்டுமானால் பழத்தின் எடைக்கு ஏறக்குறையச் சமமாகச் சர்க்கரை போட வேண்டியிருக்கும். 75 கிராம் போட்டால் சுவை கிடைக்கும், ஆயுள் கிடைக்காது. 250 கிராம் போட்டால்கூட வெளியே வைத்துப் பல நாள் சாப்பிட முடியாது. பாதிச் சர்க்கரை போட்டுவிட்டுக் கடைப் பஞ்சாமிர்தம் போல மாதக்கணக்கில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு.

மற்ற பொருள்கள்

நாட்டுச்சர்க்கரை அடர் பழுப்பாக, உலர்ந்து, உதிரியாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் பிசுபிசுத்துப் போயிருந்தால் தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, பிறகு சலியுங்கள். மண் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பது அவசியம், ஏனென்றால் இங்கே பாகு காய்ச்சி வடிகட்டும் வாய்ப்பு இல்லை. ஒரு டீஸ்பூன் சர்க்கரையைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் கரைத்து அசையாமல் ஐந்து நிமிடம் வையுங்கள். அடியில் மணல் தங்கினால் அந்தச் சர்க்கரையைக் காபிக்கு வைத்துக்கொண்டு, வேறு வாங்குங்கள். அச்சுவெல்லம்தான் கையில் இருக்கிறது என்றால் காய்கறி துருவியில் சன்னமாகத் துருவிக்கொள்ளலாம். கரைத்து ஊற்றக் கூடாது. வெள்ளைச் சர்க்கரையில் செய்தால் ருசி தட்டையாக இருக்கும், நிறமும் சாம்பல் பூத்தது போல ஆகும். பிசைந்த வாழை காற்றுப் பட்டுக் கறுப்பது இயல்பு. நாட்டுச்சர்க்கரையின் பழுப்பு அதை மறைத்துவிடும்.

பேரீச்சை மென்மையான ரகமாக இருக்கட்டும். பாகில் ஊறிய பிசுபிசுப்பான ரகம் கூடுதல் ஈரத்தைக் கொண்டுவரும். உலர்திராட்சையைக் கழுவினால் துணியில் ஒற்றி, நிழலில் ஒரு மணி நேரம் நன்கு உலர்த்த வேண்டும். ஏலக்காயை அப்போதே பொடியுங்கள். ஒரு சிட்டிகை நாட்டுச்சர்க்கரையோடு சேர்த்து இடித்தால் மாவாக இறங்கும்.

பச்சைக் கற்பூரம் சேர்க்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. சேர்ப்பதானால் உணவுக்கென்று விற்கும் பச்சைக் கற்பூரம் கடுகளவு போதும். ஆரத்திக்கு ஏற்றும் சூடம் வேறு பொருள், அது நஞ்சு. இரண்டும் பூஜைக்கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், மாறிவிட இடம் தராதீர்கள். சிறு குழந்தைகள் சாப்பிடப் போகிறார்கள் என்றால் பச்சைக் கற்பூரத்தையும் விட்டுவிடுவது நல்லது. ஏலக்காய் மணமே போதும்.

செய்முறை

முதலில் பாத்திரம். வாயகன்ற எவர்சில்வர் சட்டி, கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணம் சரி. ஈயம் பூசாத பித்தளை, செம்பு, அலுமினியம் வேண்டாம், பழத்தின் புளிப்பு உலோகத்தோடு வினைபுரியும். பாத்திரம், கரண்டி, ஜாடி மூன்றையும் வெந்நீரில் கழுவி, துடைத்து, வெயிலில் கவிழ்த்துக் காயவையுங்கள். கையையும் சோப்புப் போட்டுக் கழுவி, முழுதாகத் துடைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். விரல் இடுக்கில் தங்கும் ஈரமும் ஈரம்தான்.

பழத்தைத் தோலோடு கழுவி, துணியால் துடைத்து, அதன்பின் உரியுங்கள். நார் ஒட்டியிருந்தால் உருவி எடுங்கள். இரு முனையிலும் கறுத்த நுனியைக் கிள்ளிப் போடுங்கள். உரித்ததை எடைபோட்டு, உடனே பிசையத் தொடங்குங்கள். உரித்து வைத்துவிட்டு மற்ற சாமான்களைத் தேடப் போனால் அதற்குள் கறுக்க ஆரம்பித்துவிடும்.

பிசைவது கையால்தான் நன்றாக வரும். உள்ளங்கையால் அழுத்தி, விரல்களுக்கிடையே பிதுங்கி வருமாறு பிசையுங்கள். முழுக் கூழாக வேண்டாம். கடலைப் பருப்பு அளவுச் சதைத் துணுக்குகள் அங்கங்கே மிஞ்ச வேண்டும். சாப்பிடும்போது பழம் என்று நாக்குக்குத் தெரிய வேண்டுமல்லவா? கை வைக்க விருப்பமில்லாதவர்கள் மத்து அல்லது உருளைக்கிழங்கு மசிப்பான் பயன்படுத்தலாம். மிக்ஸியில் மட்டும் போடாதீர்கள். காற்று உள்ளே புகுந்து நுரைக்கும், சீக்கிரம் கறுக்கும், பசை போலக் கொழகொழப்பாகிவிடும்.

அடுத்து நாட்டுச்சர்க்கரையை மூன்று தவணையாகத் தூவிக் கலக்குங்கள். இங்கே பொறுமை வேண்டும். தூவியதும் கலவை இறுகினாற்போலவும் நறநறவென்றும் இருக்கும். மூடிவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். சர்க்கரை பழத்துக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்து அதிலேயே கரையும். திறந்து பார்த்தால் ஓரங்களில் பழுப்பு நிறச் சாறு மின்னிக்கொண்டு நிற்கும், கலவை தளர்ந்திருக்கும். பலர் இதைப் பார்த்துத்தான், நீர்த்துவிட்டது என்று பயந்து இன்னும் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். தேவையில்லை. மறுபடி இரண்டு நிமிடம் பிசைந்தால் ஒன்றுசேர்ந்து பளபளப்பு வரும். விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து நறநறப்பு இல்லையென்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

இப்போது சன்னமாக நறுக்கிய பேரீச்சையும் திராட்சையும். இவை உலர்ந்தவை என்பதால் வெளியே வந்த சாற்றில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும், கலவை கெட்டிப்படும். பிறகு தேனை ஊற்றிக் கலக்குங்கள். தேனைச் சூடாக்க வேண்டாம். உறைந்திருந்தால் பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் நிறுத்தி வைத்து, வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள்.

நெய் கடைசி. உருகி, கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் நெய்யில் ஏலப்பொடியைக் கலந்து ஊற்றுங்கள். ஏலக்காயின் மணம் கொழுப்பில் கரையும் தன்மையுடையது, இப்படிச் செய்தால் கலவை முழுதும் சீராகப் பரவும். நெய்யை முதலிலேயே சேர்த்தால் அது பழத்தையும் சர்க்கரையையும் பூசிக்கொள்ளும், சர்க்கரை கரைய நேரமாகும். பழம் குளிர்ந்திருந்தால் நெய் பட்ட இடத்தில் வெள்ளை வெள்ளையாக உறைந்து மணியாகிவிடும். ஆகவே எல்லாப் பொருளும் அறையின் சூட்டிலேயே இருக்கட்டும்.

கற்கண்டைப் பரிமாறும் நேரத்தில் தூவுவது எங்களுக்குப் பிடித்த முறை. கலவையிலேயே போட்டு ஊறவிட்டால் ஓரங்கள் கரைந்து மழுங்கும். கடைசியில் தூவினால் கடிபடும்போது மொறுக்கென்று இருக்கும்.

பதம் பார்க்க, கரண்டியில் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். ஒழுகாமல், ஒரு நொடி தயங்கி, மொத்தமாகச் சரிந்து விழ வேண்டும். செய்ததும் சாப்பிடுவதைவிட இரண்டு மணி நேரம் மூடி வைத்துச் சாப்பிட்டால் எல்லாச் சுவையும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும்.

தவறு எங்கே நடக்கிறது?

நீர்த்துப் போனால்: பழ வகை தவறு, அல்லது அளவுக்கு மீறிக் கனிந்த பழம், அல்லது எங்கோ ஈரம் பட்டிருக்கிறது. இன்னும் 30 கிராம் பேரீச்சையைச் சன்னமாக நறுக்கிச் சேர்த்து அரைமணி நேரம் விடுங்கள். சர்க்கரை சேர்த்துக் கெட்டிப்படுத்த முடியாது. அது மேலும் நீரை இழுத்து முதலில் இன்னும் இளகத்தான் செய்யும். அடுப்பில் ஏற்றிச் சுண்டவைக்கவும் கூடாது. வாழைப்பழ ஜாமின் ருசி வந்துவிடும், பச்சைப் பழத்தின் மணம் போய்விடும்.

துவர்த்தால் பழம் கனியவில்லை என்று அர்த்தம். செய்த பிறகு அதற்கு மாற்று இல்லை. சர்க்கரை கூட்டினால் துவர்ப்பும் இருக்கும், திகட்டலும் சேரும். பிசைவதற்கு முன்பே ஒவ்வொரு பழத்திலும் துளி கிள்ளி ருசி பார்க்கச் சொல்வது இதனால்தான். பத்தில் இரண்டு காயாக இருந்தாலே போதும், முழுச் சட்டியும் துவர்க்கும்.

நுரை கட்டி, சின்னச் சின்னக் குமிழி எழுந்து, மூடியைத் திறக்கும்போது காற்று வெளியேறி, கள் போன்ற வாசம் வந்தால் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிட்டது. கீழே கொட்டிவிடுங்கள். தேன் சேர்த்து மீட்கும் முயற்சியெல்லாம் வேண்டாம். மேலே பூஞ்சை தெரிந்தால் அந்தப் பகுதியை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவதும் கூடாது.

ஆப்பிள், மாதுளை, பச்சைத் திராட்சை சேர்த்தால் சத்து கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். சேர்க்கலாம், தவறில்லை. ஆனால் நறுக்கிய பழம் சர்க்கரை பட்டதும் நீர்விடும், பஞ்சாமிர்தம் பழக்கலவையாகிவிடும். மாம்பழக் காலத்தில் கெட்டிச் சதையுள்ள மாம்பழத் துண்டுகளும் ஒன்றிரண்டு பலாச்சுளையும் நறுக்கி, கிண்ணத்தில் போட்ட பிறகு மேலே வையுங்கள். முக்கனியும் சேர்ந்த மாதிரி இருக்கும், ஜாடியில் இருப்பதற்கும் பங்கம் வராது.

உடம்புக்கு எவ்வளவு?

பொரிக்காதது, எண்ணெயில்லாதது, செயற்கை நிறமில்லாதது. வாழையின் நார்ச்சத்தும் பொட்டாசியமும் அப்படியே கிடைக்கின்றன. இதெல்லாம் உண்மை. அதே நேரம் இது இனிப்பு என்பதை மறந்து கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடக் கூடாது. மேலே சொன்ன அளவில் 50 கிராமுக்கு 90 கலோரி அளவு வரும். நாட்டுச்சர்க்கரை, தேன், கற்கண்டு மூன்றும் சேர்ந்து அதில் சுமார் 8 கிராம் இருக்கும். இப்படிச் சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 250 கிராம் சர்க்கரை போட்டுச் செய்தால் அதே 50 கிராமில் 16 கிராம் ஆகிவிடும். நாட்டுச்சர்க்கரை என்பதால் கணக்கில் வராது என்று நினைக்க வேண்டாம். கலோரியில் அதற்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சர்க்கரையே சேர்க்காமல் செய்ய விரும்பினால் நாட்டுச்சர்க்கரையையும் கற்கண்டையும் விட்டுவிட்டு, பேரீச்சையை 120 கிராமாகக் கூட்டி, அதில் பாதியை நன்கு மசித்துச் சேர்க்கலாம். நிறமும் ருசியும் குறைவில்லாமல் வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இதுவும் இனிப்புதான், பேரீச்சையிலும் கனிந்த வாழையிலும் சர்க்கரை நிறைய. அவர்கள் ஒரு டீஸ்பூன் ருசி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்தது நாக்கில் தடவும் அளவுகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா விதைகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். கோயில் பிரசாதத்துக்கும் இதே விதிதான்.

எடுத்து வைப்பது

75 கிராம் அளவில் செய்ததை அன்றே சாப்பிடுங்கள். மிஞ்சினால் குளிர்பதனப் பெட்டியில் மறுநாள் வரை வைக்கலாம். 250 கிராம் சேர்த்தது குளிரில் ஐந்து நாள் வரை தாங்கும். இரண்டாவது வகை செய்வதானால் நெய்யை இரண்டு மேசைக்கரண்டியாகக் கூட்டலாம், செய்முறையில் வேறு மாற்றம் இல்லை.

ஒரே பெரிய ஜாடியில் நிரப்புவதைவிட மூன்று நான்கு சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில் பிரித்து வையுங்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்றும் ஈரமும் உள்ளே போகின்றன, சின்னப் பாட்டில் என்றால் திறந்ததை அன்றே முடித்துவிடலாம். விளிம்பில் ஒட்டியதை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள். சாப்பிட அரைமணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் உறைந்த நெய் இளகி, ஏலக்காய் மணம் திரும்பவும் எழும். எடுக்க எப்போதும் உலர்ந்த கரண்டி. வாயில் வைத்த கரண்டியை மறுபடி பாட்டிலுக்குள் விட்டால் அதைச் சாயங்காலத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.